டபுள் ரைபிள் வாங்கப் போகிறேன்: .470-ஆ, .500-ஆ?

வடக்குக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பிரிஸ்பேனில் இருக்கிறேன், வகை பி துப்பாக்கி உரிமம் இருக்கிறது. பத்து வருடமாக .30-06, கடைசி நான்கு வருடமாக ஒரு .375 ஹாலண்ட் அண்டு ஹாலண்ட், இரண்டுமே போல்ட் ரைபிள்கள், ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டியவை. .375-ஐக் கொண்டு வட ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் லேண்டில் மூன்று முறை நீர் எருமை வேட்டைக்குப் போயிருக்கிறேன். அடுத்த வருடம் செப்டம்பரில் ஜிம்பாப்வே, ஜாம்பேசி பள்ளத்தாக்கு, கேப் எருமை. இந்தப் பயணத்துக்கு ஒரு டபுள் ரைபிளோடு (இரண்டு குழல் ரைபிள்) போக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை, அதை மறைக்கப் போவதில்லை.

கையில் இருக்கும் பணத்துக்கு ஜெர்மனி, பிரான்ஸ் பக்கத்துப் பாக்ஸ்லாக் (எளிய பூட்டு அமைப்புள்ள டபுள்) ஒன்று, புதிதோ பழையதோ, வாங்கலாம். பக்கத்தகட்டில் பூட்டு வைத்த லண்டன் சைடுலாக் எல்லாம் ஆறு இலக்க டாலர், அந்தப் பக்கம் திரும்பவே முடியாது. மனம் .500 நைட்ரோ எக்ஸ்பிரஸ் மேல் நிற்கிறது. எருமை என்பதால் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் படிக்கப் படிக்கப் பாதிப்பேர் .470 என்கிறார்கள், சிலர் அவற்றைவிடச் சிறிய .450/400 போதும் என்கிறார்கள். கையில் வைத்துச் சுட்டவர்கள் சொல்லுங்கள்.

பழையகட்டை எழுதியது:

தம்பி, முதலில் இந்த எண்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 1898-ல் ரிக்பி என்ற துப்பாக்கிக் கம்பெனி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸைக் கொண்டுவந்தது. 480 கிரெயின் (குண்டின் எடைக்கான அலகு) குண்டு, வினாடிக்கு 2,150 அடி வேகம். புகை கக்கும் கருமருந்து போட்ட கரும்புகைத் துப்பாக்கிக் காலம் அன்றோடு முடிந்தது என்றே சொல்லலாம். அதற்கு முன்னால் யானைக்கு 8 போர், 4 போர் என்ற அகலக் குழல் துப்பாக்கிகளை பீரங்கி மாதிரி தூக்கிக்கொண்டு அலைந்தார்கள், சுட்டதும் புகைக்கு நடுவில் யானை எந்தப் பக்கம் வருகிறது என்றே தெரியாது.

அந்த .450 தான் எல்லா இடத்திலும் நிலைத்திருக்க வேண்டியது. ஆனால் 1907-ல் ஆங்கிலேய அரசு இந்தியாவுக்கும் சூடானுக்கும் .450 தோட்டா கொண்டுபோகத் தடை போட்டது. மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகள் .450 விட்டம், அவை கிளர்ச்சிக்காரர்கள் கையில் நிறைய இருந்தன, வேட்டைத் தோட்டாவின் குண்டைப் பிடுங்கி அவற்றில் போட்டுவிடுவார்கள் என்ற பயம். தடை வந்ததும் ஒவ்வொரு கம்பெனியும் அதே பலத்தைச் சற்றே வேறு விட்டத்தில் கொடுக்க ஆரம்பித்தது. ஹாலண்டின் .500/465, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் .476, ஜெஃப்ரியின் .475 நம்பர் 2, ஜோசப் லாங்கின் .470. இவற்றில் .470-ஐ மட்டும் லாங் தனக்கென்று பூட்டி வைக்கவில்லை, மற்ற கம்பெனிகளும் அதற்கு ரைபிள் செய்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் அதற்குத் தோட்டா எளிதாகக் கிடைக்கிறது. அது மற்றவற்றைவிட மிருகத்தை நன்றாகக் கொல்லும் என்பதால் அல்ல. .465, .470, .475, .476 நான்கிலும் சுடப்பட்ட எருமைக்கு எது தன்னைத் தொட்டது என்று தெரியப்போவதில்லை.

இனி கணக்கு. .470 என்றால் 500 கிரெயின் குண்டு, 2,150 அடி, சுமார் 6,950 ஜூல். .500 என்றால் 570 கிரெயின், அதே வேகம், சுமார் 7,900 ஜூல். உங்கள் .375 ஏறத்தாழ 5,800. .577 750 கிரெயின், .600 900 கிரெயின், இந்த இரண்டையும் பற்றி நினைக்கவே வேண்டாம். .600 பதினைந்து பவுண்டுக்கு மேல் கனக்கும், அதைக் கூலியாள் தூக்கிவர வேட்டைக்காரர் வெறுங்கையோடு நடந்த காலத்தில் செய்தது.

நான் தான்சானியாவில் இருந்த இருபது வருடத்தில் .500 வைத்திருந்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அதை நன்றாகச் சுட்டவர்கள் மிகக் குறைவு. .470-ஐச் சுமாராகச் சுடும் ஒருவரைவிட .450/400-ஐ நன்றாகச் சுடும் ஒருவருடன் புதருக்குள் போக நான் தயார். இதுதான் என் பேச்சின் சாரம், மற்றதெல்லாம் அப்புறம்.

குறிப்பலகை எழுதியது:

.375 கையில் இருக்கிறது, அதில் மூன்று முறை எருமை அடித்திருக்கிறீர்கள். 300 கிரெயின் நல்ல குண்டு போட்டு அதையே கொண்டுபோங்கள். மிச்சப்படும் பணத்துக்கு இன்னொரு வேட்டைக்கே போகலாம். போல்ட்டில் நான்கு தோட்டா இருக்கிறது, டபுளில் இரண்டுதான். உங்கள் ஆசைக்கு நான் எதிரி இல்லை, ஆனால் தேவை என்று சொல்லாதீர்கள்.

ஜெஸ்புதர் எழுதியது:

குறிப்பலகை சொல்வதில் தவறே இல்லை. ஆனால் இரண்டு தோட்டாவா நான்கு தோட்டாவா என்பது அந்த நிலத்தைப் பார்க்காதவர்கள் போடும் கணக்கு. நான் ஜிம்பாப்வேயில் கரிபா பக்கம் பதினோரு வருடம் சஃபாரி முகாம்களில் வண்டி பழுது பார்த்தவன், வேட்டைக்காரன் இல்லை. ஆனால் தடம் பார்ப்பவர்கள் பின்னால் நிறைய நடந்திருக்கிறேன். அங்கே ஜெஸ் என்று ஒரு அடர்ந்த புதர், கிளைகள் பின்னிப் பிணைந்து கிடக்கும், நிமிர்ந்து நடக்க முடியாது. காயம்பட்ட எருமை அதற்குள் போய் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நீங்கள் அதைப் பார்க்கும்போது பத்து அடியோ பதினைந்து அடியோதான் இடைவெளி.

அந்தத் தூரத்தில் போல்ட்டை இழுத்துத் தள்ளி மூன்றாவது, நான்காவது தோட்டாவுக்குப் போகும் நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை. முதல் வெடிக்கும் இரண்டாவது வெடிக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. டபுளில் விரலை முன் விசையிலிருந்து பின் விசைக்கு நகர்த்தினால் போதும். தோளிலிருந்து கட்டையை (ரைபிளின் மரப்பிடி) எடுக்க வேண்டாம், கண்ணைக் குறியிலிருந்து எடுக்க வேண்டாம். இன்னொன்று, போல்ட் போய்வரும் நீளம் இல்லாததால் அதே குழல் நீளத்துக்கு ரைபிள் மொத்தத்தில் குட்டையாக இருக்கும், புதரில் கிளையில் மாட்டாது. அப்புறம் இரண்டு பூட்டு (தோட்டாவை வெடிக்க வைக்கும் பொறி), இரண்டு சுத்தி, இரண்டு விசை: ஒன்று உடைந்தாலும் மற்றது வேலை செய்யும். ஒரே கட்டையில் இரண்டு ரைபிள் என்று அங்கே சொல்வார்கள்.

ஆனால் இது எல்லாம் பின்தொடர்ந்து போகும் தொழில்முறை வேட்டைக்காரருக்குப் பொருந்தும் கதை. வாடிக்கையாளர் முதல் குண்டை அறுபது, எழுபது மீட்டரில், குச்சி முக்காலியில் சாய்த்து, நின்றுகொண்டிருக்கும் எருமை மேல் போடுகிறார். அதற்கு குறிபார்க்கும் தொலைநோக்கிக் கண்ணாடி வைத்த .375-ஐ விட நல்லது எதுவும் இல்லை. திறந்த குறியோடு டபுளை எடுத்துவந்தால் உங்களை நாற்பது மீட்டருக்குள் கொண்டுபோக வேண்டும், அதற்காக இன்னும் இரண்டு நாள் நடக்க வேண்டியிருக்கும். அந்த நடை பிடிக்கும் என்றால் வாங்குங்கள்.

சட்டம் ஒன்று: ஜிம்பாப்வேயில் யானை, எருமை, நீர்யானை மூன்றுக்கும் குறைந்தது 9.2 மில்லிமீட்டர் விட்டமும் 5,300 ஜூல் ஆற்றலும் வேண்டும். .470, .500 இரண்டும் அதைத் தாராளமாகத் தாண்டும்.

வடக்குக்காற்று எழுதியது:

பழையகட்டை ஐயா, ஜெஸ்புதர் அண்ணை, இருவருக்கும் நன்றி. நடக்கத்தான் போகிறேன், நாற்பது மீட்டருக்குள் போய்ச் சுட வேண்டும் என்பதுதான் ஆசையே.

போன சனிக்கிழமை கிளப்பில் ஒருவர் தன் .500-ஐச் சுடக் கொடுத்தார். ரைபிள் பத்தரை பவுண்டுதான் இருந்தது. முதல் தோட்டா பரவாயில்லை, இரண்டாவதில் முன் விசையின் பின்பக்கம் விரலைக் கிழித்தது, மூன்றாவதை அழுத்துவதற்கு முன்பே கண் மூடிவிட்டது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். ஐம்பது மீட்டரில் மூன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் இல்லை. .500 ஆசை அன்றோடு போயிற்று. இப்போது .450/400 பக்கம் சாய்கிறேன். ஜிம் கார்பெட் தன் ஆட்கொல்லிப் புலிகளுக்கு எடுத்துப் போனது ஜெஃப்ரியின் .450/400 தானே. 400 கிரெயின் குண்டு, உதையும் கனமும் குறைவு. ஏன் கூடாது?

பழையகட்டை எழுதியது:

மூன்றே தோட்டாவில் கண் மூடியதை ஒத்துக்கொண்டீர்களே, அது பெரிய விஷயம். பலர் ஐந்து வருடம் கழித்தும் ஒத்துக்கொள்வதில்லை, தோட்டா சரியில்லை என்பார்கள்.

.500-க்குப் பதினொன்றரை, பன்னிரண்டு பவுண்டு வேண்டும். பத்தரை பவுண்டில் அதைச் செய்வது விற்பனைக்காக, தூக்கிப் பார்க்கும்போது லேசாக இருக்கிறது என்று வாங்கிவிடுவார்கள். .470-க்குப் பத்தரை முதல் பதினொன்று வரை சரி. அப்போதும் அதன் உதை உங்கள் .30-06-ஐப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு, ஆனால் குத்தாது, தள்ளும். நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாக்கள் எல்லாம் பெரிய பித்தளைக் கூட்டில் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்பவை, அதுவும் ஒரு காரணம்.

.450/400 அருமையான தோட்டா, எனக்கு அதன் மேல் தனிப் பிரியமே உண்டு. ஆனால் ஜெஸ்புதர் சொன்ன 5,300 ஜூலைக் கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 கிரெயின் குண்டு பழைய வேகமான 2,125 அடியில் போனால் 5,400 ஜூல் வரும், தப்பித்தது. இன்றைய தொழிற்சாலைத் தோட்டா சில 2,050 அடியில்தான் போகின்றன, அப்போது 5,060 தான். எருமைக்கு இந்த வித்தியாசம் ஒன்றுமில்லை, சட்டத்துக்கு உண்டு. தான்சானியாவில் .375-க்கு மேல் எதுவானாலும் பிரச்சினை இல்லை. நீங்கள் போவது ஜிம்பாப்வே, அதனால் யோசியுங்கள்.

இரட்டைச்சுவடு எழுதியது:

.450/400 பற்றிப் பேச்சு வந்ததால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய ஆங்கிலேய .450/400 வாங்கினேன். யார் செய்தது, யார் விற்றது என்பது வேண்டாம். கட்டை வழவழவென்று, குழலுக்குள் கண்ணாடி மாதிரி. ஐம்பது மீட்டரில் சுட்டால் வலக்குழல் குறிக்கு இடது பக்கம் நாலு அங்குலம், இடக்குழல் வலது பக்கம் ஐந்து அங்குலம். குண்டுகள் நடுவில் ஒன்றையொன்று கடந்து போகின்றன. நான் நல்லா சுடவில்லை என்று நினைத்து ஒரு வருடம், நிஜமாகவே ஒரு முழு வருடம், என்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் தெரிந்தது. டபுள் ரைபிளின் இரண்டு குழலும் இணையாக ஒட்டப்படுவதில்லை, வாய்ப்பக்கம் உள்நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கும். வலக்குழலைச் சுடும்போது ரைபிள் மேலேயும் வலப்பக்கமும் எகிறும், இடக்குழலுக்கு இடப்பக்கம். குண்டு குழலை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே இந்த அசைவு தொடங்கிவிடுகிறது. அதைக் கணக்கில் வைத்து, சுட்டுப் பார்த்து, வாய்ப்பக்கத்து ஆப்பை நகர்த்தி, ஈயப்பற்றை உருக்கித் திரும்ப ஒட்டி, மறுபடி சுட்டுப் பார்த்து இரண்டு குழலையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ரெகுலேஷன் என்பது இந்த வேலைதான், ஒரு டபுளின் விலையில் பெரிய பங்கு இதற்குத்தான் போகிறது. அது குறிப்பிட்ட ஒரு குண்டு எடைக்கும் ஒரு வேகத்துக்கும் மட்டும் செய்யப்பட்டது. வேகம் குறைந்தால் குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருக்கும், ரைபிள் அதிகம் விலகும், இரண்டு குழலும் வெளிப்பக்கம் பிரிந்து அடிக்கும். வேகம் கூடினால் உள்பக்கம் கடந்து அடிக்கும். என் ரைபிள் இந்திய வெயிலுக்கென்று குறைத்து நிரப்பிய தோட்டாவுக்குச் செய்தது, கார்டைட் வெடிமருந்து வெயிலில் சூடேறினால் அழுத்தம் ஏறும் என்பதால் அப்போது அப்படித் தனியாக நிரப்புவார்கள். நான் முழு வேகத் தோட்டாவைப் போட்டேன். கடந்து போகாமல் என்ன செய்யும்.

கையால் நிரப்பி, வேகமானியில் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஒரு இடத்தில் நாலு குண்டும் இரண்டரை அங்குலத்துக்குள் வந்து உட்கார்ந்தன. அன்றைக்கு நான் அழுதுவிட்டேன்.

பழைய ரைபிள் வாங்குபவர்கள் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். .450/400 என்று ஒரே பெயரில் 2 3/8 அங்குலம், 3 அங்குலம், 3 1/4 அங்குலம் என்று மூன்று வகைக் கூடு உண்டு, குண்டின் விட்டமும் ஒன்றில்லை. வாங்கும் முன் தோட்டா அறைக்கு வார்ப்பெடுத்து அளக்காமல் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள். அதைவிட ஆபத்து .500 மூன்று அங்குலம். கரும்புகைக் காலத்து .500 எக்ஸ்பிரஸ் ரைபிளில் நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டா அப்படியே போய் உட்காரும், எதுவும் தடுக்காது. அந்த ரைபிள் அந்த அழுத்தத்தைத் தாங்காது. குழலின் அடியில் இருக்கும் சோதனை முத்திரையைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

மலையடிவாரம் எழுதியது:

கூடலூர்க்காரன். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை கிடையாது, அது நல்லதுதான் என்று நினைப்பவன் நான். யானையும் காட்டெருமையும் தினம் வீட்டு வாசலில் வந்து போகும் ஊரில் இருந்துகொண்டு சொல்கிறேன். துப்பாக்கியின் நுட்பம் படிக்க ஆர்வமாக இருக்கிறது, அதனால்தான் இந்த இழையை விடாமல் படிக்கிறேன். ஆனால் ஒரு எருமையைச் சுட இவ்வளவு செலவு செய்து ஆப்பிரிக்கா போக வேண்டுமா என்று மனம் கேட்கிறது. தவறாக நினைக்க வேண்டாம்.

வடக்குக்காற்று எழுதியது:

தவறாக நினைக்கவில்லை அண்ணா. உங்கள் ஊரில் தடை சரி என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. இங்கே வட ஆஸ்திரேலியாவில் நீர் எருமை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது, சதுப்பு நிலத்தை மிதித்துக் கால்வாய் போட்டு உப்புநீரை உள்ளே விட்டுவிடுகிறது, அதைக் குறைத்தே ஆக வேண்டும். ஜிம்பாப்வேயில் 1980-களின் கடைசியில் தொடங்கிய கேம்ப்ஃபயர் திட்டத்தின் கீழ் வேட்டைக் கட்டணத்தில் ஒரு பங்கு கிராம மக்களுக்குப் போகிறது. அது போதுமா, ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்ற கேள்விகள் இருக்கின்றன, நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் சுடுவதென்று முடிவுசெய்த பிறகு அந்த மிருகம் உடனே விழ வேண்டும், காயத்தோடு ஓடக் கூடாது. இந்த இழையே அதற்காகத்தான்.

மலையடிவாரம் எழுதியது:

சரி, அது நியாயமான பேச்சு. தொடருங்கள், படிக்கிறேன்.

ஜெஸ்புதர் எழுதியது:

உடனே விழ வேண்டும் என்றால் குண்டைப் பற்றிப் பேச வேண்டும், ரைபிளைப் பற்றி இல்லை. கேப் எருமையின் இதயம் நாம் நினைப்பதைவிடக் கீழே இருக்கிறது. முன்காலின் நடுக்கோட்டைப் பிடித்து மேலே போய், உடம்பில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துங்கள். முதல் குண்டு சாஃப்ட் (பட்டதும் முனை மலரும் வகை), ஆனால் சட்டென்று மலர்ந்து சிதறும் வகை கூடாது, பின்பாதி பிடித்து நிற்கும் வகை. கூட்டத்தில் இருக்கும் எருமை மேல் மலராத சாலிட் குண்டு போட்டால் அது மறுபக்கம் வெளியே போய்ப் பின்னால் நிற்கும் பெண் எருமையையும் காயப்படுத்தும். அப்புறம் ஒன்றுக்குப் பதில் இரண்டைத் தேடிப் புதருக்குள் போக வேண்டும். எருமை திரும்பி ஓட ஆரம்பித்தால் இரண்டாவது குழலில் சாலிட், பின்னாலிருந்து முழு உடம்பையும் துளைத்துப் போக அதுதான் வேண்டும். வலக்குழலில் சாஃப்ட், இடக்குழலில் சாலிட் என்பது இதனால்தான். டபுளில் எது எங்கே இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியும்.

பழைய குழலில் முழுச் செம்பு, பித்தளையில் கடைந்த சாலிட் போடாதீர்கள். அது நசுங்கிக் கொடுக்காது, மெல்லிய குழலில் உள்ளே இருக்கும் வரிப்பள்ளம் வெளியே தெரிகிற அளவுக்குத் தள்ளிவிடும். அப்படிக் கெட்டுப்போன ரைபிள் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன்.

எஜெக்டர் வேண்டாம் என்று பல பழைய கைகள் சொல்வார்கள். திறந்ததும் வெற்றுக் கூடு டிங் என்று கல்லில் விழும், அந்தச் சத்தத்தில் நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிடும். கூட்டைக் கொஞ்சம் மட்டும் தூக்கிக் கொடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் போதும், விரலால் எடுத்துக்கொள்ளலாம். எஜெக்டர் இருந்தால் இன்னும் வேகமாக நிரப்பலாம் என்பவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தானியங்கி சேஃப்டி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். திறந்து மூடும்போதெல்லாம் தானாகப் பூட்டிக்கொள்ளும், எருமை வரும்போது அவசரத்தில் நிரப்பி மூடி விசையை அழுத்துவீர்கள், ஒன்றும் வெடிக்காது. அதைக் கழற்றச் சொல்லுங்கள், நல்ல துப்பாக்கிப் பட்டறைக்கு அது சின்ன வேலை.

இரட்டைச்சுவடு எழுதியது:

இன்னொன்று, ரிம் (கூட்டின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு) உள்ள தோட்டாவாகவே வாங்குங்கள். ரிம் இல்லாத .416, .458 வகைகளிலும் டபுள் செய்கிறார்கள். கூட்டை வெளியே இழுக்க ஒரு சின்ன ஸ்பிரிங் கொக்கி இருக்கும், மண்ணும் தூசியும் போனால் அது சில சமயம் நழுவி, கூடு உள்ளேயே தங்கிவிடும். மேலும் .458 வின்செஸ்டர் போன்றவை அதிக அழுத்தத் தோட்டாக்கள், வெயிலில் கூடு ஒட்டிக்கொள்ளும். டபுளுக்கு அகலமான ரிம்மும் சாவகாசமான அழுத்தமும்தான் இயல்பு.

குறிப்பலகை எழுதியது:

நான் போல்ட் கட்சி, ஆனாலும் ஒன்று கேட்கிறேன். டபுளில் இரண்டும் ஒரே நேரத்தில் வெடித்துவிடும் என்கிறார்களே? .470-ல் அப்படி நடந்தால் தோள் என்ன ஆகும்?

பழையகட்டை எழுதியது:

நடக்கும். எனக்கே நடந்திருக்கிறது, ரைபிள் கையை விட்டுப் பின்னால் போய் விழுந்தது, பல வாரம் இடது பக்கமாகத்தான் படுத்தேன். காரணம் இரண்டு. ஒன்று, உதையில் பக்கத்துப் பூட்டின் கொக்கி நழுவிச் சுத்தி விழுவது. நல்ல ரைபிளில் இதைத் தடுக்க இரண்டாவதாக ஒரு தடுப்புக் கொக்கி இருக்கும், வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றது, இதுதான் அதிகம், சுடுபவரின் விரல். முன் விசையை அழுத்தியதும் ரைபிள் பின்னால் வரும், விரல் தளர்ந்து பின் விசை மேல் போய் மோதும். நீங்கள் அழுத்தியதாக உங்களுக்கே தெரியாது.

எது காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி. வலக்குழலில் நிஜத் தோட்டா, இடக்குழலில் பொய்த் தோட்டா. முன் விசையைச் சுடுங்கள். பிறகு பின் விசையை அழுத்துங்கள். டக் என்று சத்தம் கேட்டால் இடச் சுத்தி விழாமல் காத்திருந்தது, எல்லாம் சரி. சத்தம் இல்லையென்றால் அது முன்பே விழுந்துவிட்டது. அப்போது கை இறுக்கமாகப் பிடித்து, விரலை நன்றாக வெளியே எடுத்து வைத்து மறுபடி செய்யுங்கள். அப்போதும் விழுந்தால் பூட்டில் கோளாறு, உடனே பட்டறைக்கு அனுப்புங்கள்.

தம்பிக்கு: விரலைக் கிழித்தது கட்டை உங்கள் கைக்குச் சரியில்லை என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். முன்னோக்கி மடங்கும் முன் விசை சில ரைபிள்களில் உண்டு, அது விரலைக் காப்பாற்றும். ஆனால் முதலில் கட்டையின் நீளம். கண்ணை மூடி ரைபிளைத் தோளுக்கு எடுங்கள், பிறகு திறங்கள். பின்குறியின் பள்ளத்துக்குள் முன்மணி ஏற்கெனவே உட்கார்ந்திருக்க வேண்டும். தலையைச் சாய்த்தோ கழுத்தை நீட்டியோ தேட வேண்டியிருந்தால் எந்தப் பெரிய பெயர் பொறித்திருந்தாலும் அந்த ரைபிள் உங்களுடையது இல்லை. ஆழமற்ற வி பள்ளம், பெரிய வெள்ளை மணி, ஒரே ஒரு பின்குறித் தகடு, எருமைக்கு இவ்வளவு போதும். நூறு, இருநூறு என்று மடக்குத் தகடுகள் பார்க்க அழகு. வயதான கண்ணுக்கு முன்மணி மங்கலாகத் தெரிந்தால் சின்னச் சிவப்புப்புள்ளிக் கண்ணாடி பொருத்துங்கள், மரபு கெட்டுவிட்டது என்று யாரும் சொன்னால் சொல்லட்டும்.

வடக்குக்காற்று எழுதியது:

ஏழு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வாங்கிவிட்டேன். ஜெர்மன் பாக்ஸ்லாக், .470, பத்து பவுண்டு பன்னிரண்டு அவுன்ஸ், எக்ஸ்ட்ராக்டர் மட்டும். மூன்று கடை, ஒரு ஏலம், ஒன்பது ரைபிள் தோளில் வைத்துப் பார்த்தேன். எட்டில் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. ஒன்பதாவதில் கண்ணைத் திறந்தபோது மணி பள்ளத்துக்குள் இருந்தது, விலையை அதற்குப் பிறகுதான் கேட்டேன். முதல் உரிமையாளர் எந்தத் தோட்டாவுக்கு ரெகுலேஷன் செய்யப்பட்டது என்று தொழிற்சாலை கொடுத்த சோதனைத் தாளையும் பெட்டிக்குள் வைத்திருந்தார்.

அந்தத் தாளில் இருந்த அதே தோட்டா. ஐம்பது மீட்டர், நின்றுகொண்டு முக்காலியில், குழலை அல்ல என் இடக்கையை முக்காலியில் வைத்து. வலம், இடம், குழல் ஆறும்வரை இருபது நிமிடம், மறுபடி வலம், இடம். நான்கும் மூன்று அங்குலத்துக்குள், வலக்குழல் குண்டுகள் வலப்பக்கம், இடக்குழல் குண்டுகள் இடப்பக்கம். அடுத்த வாரம் மலிவாகக் கிடைத்த வேறு கம்பெனி தோட்டாவைப் போட்டேன், வேகமானியில் அறுபது அடி குறைவு, குழல்கள் இரண்டும் ஐந்தரை அங்குலம் வெளியே பிரிந்தன. இரட்டைச்சுவடு அண்ணா சொன்னது அப்படியே கண்ணுக்கு முன்னால். மிச்சப் பெட்டியை விற்றுவிட்டேன்.

இதுவரை நூற்றுப் பத்து தோட்டா சுட்டிருக்கிறேன், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் இல்லை. எட்டுக்குப் பிறகு கண் மூட ஆரம்பிக்கிறது, அங்கேயே நிறுத்திவிடுவேன். இருபது தோட்டாப் பெட்டி நூறு டாலரைத் தாண்டுகிறது, ரைபிளுக்குச் செலவழித்ததற்கு வருந்தாத மனைவி தோட்டாவுக்குச் செலவழிப்பதைப் பற்றி இரண்டு முறை கேட்டுவிட்டாள். தினமும் ராத்திரி பத்து நிமிடம் பொய்த் தோட்டாவோடு பழகுகிறேன். இடக்கை விரல் இடுக்கில் இரண்டு தோட்டா, திறந்து, பழையதை எடுத்து, இரண்டையும் சேர்த்து உள்ளே விட்டு, மூடித் தோளுக்கு. முதல் வாரம் ஒன்பது வினாடி, இப்போது நான்கு.

செப்டம்பருக்கு இன்னும் பதினொரு வாரம். விமானத்தில் ஐந்து கிலோ தோட்டாதான் விடுவார்கள், நாற்பது எடுக்கிறேன், இருபத்திநான்கு சாஃப்ட், பதினாறு சாலிட். போதுமா?

ஜெஸ்புதர் எழுதியது:

தாராளமாகப் போதும். முகாமில் முதல் நாள் சாயங்காலம் நான்கு சுட்டுப் பார்ப்பீர்கள், பயணத்தில் குறி அசைந்திருக்கிறதா என்று. கண்டிப்பாகச் சுடுங்கள், செப்டம்பரில் மதியம் அங்கே நெருப்பு மாதிரி இருக்கும், தோட்டா வெயிலில் கிடந்தால் வேகம் கூடிக் குழல்கள் உள்பக்கம் நெருங்கும். தோட்டா செருகிய தோல் பட்டையை நிழலில் வையுங்கள், வண்டியின் முன்பலகை மேல் வைக்காதீர்கள்.

அப்புறம், வெற்றுக் கூடுகளைப் புல்லில் போட்டுவிட்டு வராதீர்கள். எக்ஸ்ட்ராக்டர் என்பதால் கையில்தான் இருக்கும், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். .470 கூடு அங்கே கிடைக்காது.